லினக்ஸில் டயல்-அப் மோடம்: எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம்

2025 செப்டம்பர் 30-ஆம் தேதி அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம், தொலைபேசி எண்ணை அழைத்து இணையத்தோடு இணைக்கும் தன் டயல்-அப் சேவையை நிறுத்தியது. அந்தச் செய்தியைப் பார்த்த பலருக்கும் வந்த முதல் கேள்வி, “அட, இதை இன்னும் யாராவது வைத்திருந்தார்களா?” என்பதுதான். வைத்திருந்தார்கள். இணையம் பார்ப்பதற்காக இல்லாவிட்டாலும் வேறு காரியங்களுக்காக இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு டவரில் இருக்கும் ரூட்டரின் இணைய இணைப்பு அறுந்துபோனால், தொலைபேசி வழியாக உள்ளே நுழைந்து சரிசெய்ய ஒரு மோடம், அதாவது கணினித் தகவலைத் தொலைபேசி ஒலியாக்கி அனுப்பும் கருவி, வேண்டும். ஃபேக்ஸ் மட்டுமே ஏற்றுக்கொள்ளும் அலுவலகத்துக்கு ஒரு காகிதம் அனுப்ப வேண்டியிருக்கும். பழைய கணினியைப் பழையபடியே ஓடவைத்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு.

இப்படி யாருக்காவது லினக்ஸ் கணினி ஒன்றும் தொலைபேசி லைன் ஒன்றும் இருந்தால், நடுவில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. பழைய லேப்டாப்பின் உள்ளேயே மோடம் இருக்கிறதே, அதையே ஓட்டிவிடலாமா? ரிச்சி தெருவில் அலைந்து ஒரு வெளிப்புற சீரியல் மோடம் தேடலாமா? ஆன்லைனில் விரல் நீளத்துக்கு யுஎஸ்பி மோடம் கிடைக்கிறதே, அது போதுமா? மூன்றின் அட்டையிலும் ஒரே விஷயம்தான் அச்சடித்திருக்கும்: 56கே (நொடிக்கு 56 கிலோபிட்), வி.90 அல்லது வி.92 என்ற வேகத் தரம். லினக்ஸுக்கு இவை மூன்றும் மூன்று வேறு பொருள்கள்.

கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் நிரல்தான் டிரைவர். “இதற்கு எந்த டிரைவர் போடுவது?” என்று ஆரம்பிப்பவர்கள் வாரக்கணக்கில் அலைவார்கள். “டிரைவரே கேட்காத மோடம் எது?” என்று ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் வேலை முடியும். என் கட்சி இதுதான். மீதியெல்லாம் அதற்கான காரணங்களும் ஒன்றிரண்டு விதிவிலக்குகளும்.

கணக்கை யார் போடுவது?

மோடம் செய்வது மூன்று வேலைகள். தொலைபேசிக் கம்பியைக் கையாள்வது முதலாவது: லைனை எடுப்பது, வைப்பது, மணி அடிப்பதைக் கவனிப்பது, ஒலியை எண்ணாக்குவது, எண்ணை ஒலியாக்குவது. அந்த ஒலிக்குள் தகவலை ஏற்றி இறக்குவது இரண்டாவது. பெரிய கணக்கெல்லாம் இங்கேதான்; டிஎஸ்பி என்ற சிப் இதற்காகவே இருக்கிறது. மூன்றாவது நிர்வாகம்: கணினி அனுப்பும் ஏடி கட்டளைகளைப் புரிந்துகொள்வது, பிழை திருத்துவது, தகவலைச் சுருக்குவது.

1990களின் நடுப்பகுதி வரை மோடம் என்றால் இந்த மூன்றும் அதற்குள்ளேயே இருக்கும். 1981-ல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தோடு வந்த ஏடி கட்டளைகளைத்தான் பின்னால் எல்லாரும் பின்பற்றினார்கள். சீரியல் போர்ட்டில் ‘ஏடிடிடி’ என்று எழுதி எண்ணைக் கொடுத்தால் போதும், மீதியை மோடம் பார்த்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அது வெறும் சீரியல் கருவி. டிரைவர் என்ற பேச்சே கிடையாது.

பென்டியம் வேகமெடுத்ததும் தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கணினியிலேயே இவ்வளவு பெரிய பிராசசர் சும்மா இருக்கும்போது மோடத்தில் எதற்குத் தனியாக ஒன்று? முதலில் நிர்வாக வேலையைக் கணினிக்குத் தள்ளினார்கள். லூசென்ட்டின் எல்டி மோடம், கோனெக்சன்ட்டின் எச்சிஎஃப் எல்லாம் இந்த ரகம். அப்புறம் டிஎஸ்பியையும் எடுத்துவிட்டார்கள்; கோனெக்சன்ட் எச்எஸ்எஃப், ஸ்மார்ட்லிங்க், பிசிடெல் போன்றவை அப்படி வந்தவை. கார்டில் மிச்சம் இருந்தது தொலைபேசிக் கம்பியைத் தொடும் பகுதி மட்டும்தான். விலை மளமளவென்று இறங்கியது. விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் கொடுத்தார்கள், அதனால் வின்மோடம் என்று பெயர் நிலைத்தது.

அசெம்பிள் செய்த பிசி வாங்கியவர்கள் வீட்டில் எல்லாம் இருந்தது இந்த மலிவான உள் மோடம்தான். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 1998-ன் கடைசியில் தனியார் நிறுவனங்களும் வந்தன. அதன் பிறகான ஐந்தாறு வருடங்கள்தான் டயல்-அப்பின் பொற்காலம், லினக்ஸ் ஆர்வம் வீடுகளுக்குள் நுழைந்ததும் அதே காலத்தில்தான். பத்திரிகையோடு வந்த சிடியை வைத்து லினக்ஸ் போடுவார்கள், திரை வரும், சத்தம்கூட வரும், நெட் மட்டும் வராது. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். மறுபடி விண்டோஸுக்குப் போய் டயல் செய்து, டிரைவரை இறக்கி, லினக்ஸ் படிக்கக்கூடிய பார்ட்டிஷனில் போட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும். அங்கே வந்து பார்த்தால் இறக்கிய டிரைவர் வேறு பதிப்புக் கெர்னலுக்கானதாக (கெர்னல் என்பது லினக்ஸின் மைய நிரல்) இருக்கும்!

உள்ளே இருக்கும் மோடம்

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று பாருங்கள். எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையைக் கொடுத்தால் பட்டியலில் மோடம் எந்தப் பெயரில் வருகிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ‘சீரியல் கன்ட்ரோலர்’ என்று வந்து, பக்கத்தில் 16550 என்ற எண் இருந்தால் அநேகமாக மூன்று வேலையையும் தானே செய்யும் முழு மோடம், அதிர்ஷ்டம்தான். யுஎஸ் ரோபாட்டிக்ஸின் 5610 வரிசை பிசிஐ கார்டுகள் இப்படி வரும். ‘கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்’ என்றோ ‘ஏசி97 மோடம் கன்ட்ரோலர்’ என்றோ வந்தால் அது கணினியை நம்பிப் பிழைக்கும் மோடம். லேப்டாப்பில் இருப்பது ஏறக்குறைய எப்போதும் இரண்டாவது ரகம்தான்.

இந்த இரண்டாவது ரகத்தை லினக்ஸில் ஓடவைக்க ஒரு காலத்தில் பெரிய முயற்சிகள் நடந்தன. லின்மோடம்ஸ் என்ற தன்னார்வலர் குழு ஸ்கேன்மோடம் என்ற சிறு நிரலை வைத்து ஒவ்வொருவர் கணினியிலும் எந்தச் சிப் என்று கண்டுபிடித்துச் சொல்லியது. லூசென்ட்டுக்கு எல்டிமோடம், பிறகு மார்ஷியன் என்ற டிரைவர்கள் வந்தன. ஸ்மார்ட்லிங்க் தானே ஒரு டிரைவர் கொடுத்தது. எஸ்எல்மோடம்டி என்ற அதன் நிரல், அல்சா ஒலி அமைப்பின் வழியாக இன்டெல், விஐஏ, ஏடிஐ போர்டுகளில் இருந்த மோடங்களையும் ஓட்டியது. ஒலி அட்டையும் மோடமும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்பவை என்பதால் இது சாத்தியமானது. அழகான வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. கணக்குப் போடும் மையப் பகுதி மூலநிரலாகக் கிடைக்காது. படிக்கவோ திருத்தவோ முடியாத மூடிய பைனரியாகத்தான் வரும். எஸ்எல்மோடம்டியின் மையம் 32 பிட் இன்டெல் கோப்பு. இன்றைய 64 பிட் கணினியில் அதை ஓட்ட 32 பிட் நூலகங்களைத் தனியே போட வேண்டும், ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் பலகைகளில் பேச்சே இல்லை. சுற்றியிருக்கும் கெர்னல் பகுதியைத்தான் ஆர்வலர்கள் ஒவ்வொரு கெர்னலுக்கும் இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கை ஓய்ந்ததும் டிரைவரும் ஓய்ந்தது.

கோனெக்சன்ட் சிப்களின் கதை இன்னும் சுவாரசியம். அதற்கான டிரைவரை லினக்ஸன்ட் என்ற நிறுவனம் விற்றது. இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட் வேகத்தில் நின்றுவிடும். முழு வேகத்துக்கு 20 டாலருக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். மூடிய டிரைவர் ஏறினால் லினக்ஸ் கெர்னல் ‘களங்கப்பட்டது’ என்று எச்சரிக்கை போடும் வழக்கம் உண்டு. டிரைவர் தன் உரிமம் என்ன என்று அறிவிக்கும் வரியைப் பார்த்துத்தான் கெர்னல் அதை முடிவு செய்யும். 2004-ல் ஒருவர் கவனித்தார்: இந்த டிரைவரின் உரிம வரியில் ஜிபிஎல் (திறந்த மூலநிரலுக்கான உரிமம்) என்ற மூன்று எழுத்துக்குப் பின் ஒரு பூஜ்ய பைட், அதற்கும் பின்னால்தான் உண்மையான விளக்கம். சி மொழியில் பூஜ்ய பைட் வந்தால் வரி முடிந்தது என்று பொருள். ஆகவே கெர்னல் ஜிபிஎல் என்று மட்டும் படித்துவிட்டு எச்சரிக்கை இல்லாமல் விட்டுவிட்டது. எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து பயனர்களைக் குழப்பியதால் அப்படிச் செய்தோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. மோடம் ஒன்றை ஓட்ட எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் உள் மோடத்தைத் தொடவே கூடாதா? ஒரே ஒரு சூழலில் தொடலாம். 2003, 2004-ஆம் வருட லேப்டாப் ஒன்றை அதன் காலத்து மென்பொருளோடு உயிரோடு வைத்திருக்க ஆசைப்படுகிறீர்கள் என்றால், அதற்குப் புதிய லினக்ஸ் போடாதீர்கள். 2005-ல் வந்த டெபியன் சார்ஜ் போன்ற ஒன்றைப் போட்டு, அந்தக் கெர்னலுக்கென்றே இருந்த டிரைவரைப் போடுங்கள். ஓடும். அந்தக் கணினியைத் திறந்த இணையத்தில் மட்டும் விடாதீர்கள். இருபது வருடமாகப் பூட்டு மாற்றாத வீடு அது. வேறு எந்தக் காரணத்துக்காகவும் உள் மோடத்தோடு மல்லுக்கட்டுவது நேர விரயம் என்பேன். இன்றைக்கு ஓடவைத்துவிட்டாலும் அடுத்த கெர்னல் அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து.

பழைய லேப்டாப்பில் பிசிஎம்சிஐஏ துவாரம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அதில் செருகும் 16 பிட் மோடம் கார்டுகள் பெரும்பாலும் முழு மோடங்கள். செருகியதும் சீரியல் போர்ட்டாகவே தெரியும். அதன் பின்வந்த கார்ட்பஸ் வகையில் வின்மோடங்கள் கலந்திருக்கின்றன.

வெளிப்புற சீரியல் மோடம்

என்னிடம் யாராவது கேட்டால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான். யுஎஸ் ரோபாட்டிக்ஸின் கூரியர், ஸ்போர்ட்ஸ்டர், அல்லது மல்டிடெக், ஜூம், டி-லிங்க் பெயர்களில் வந்த பெட்டிகள். சீரியல் போர்ட்டில் செருகினால் போதும். கணினிக்குள் எந்த லினக்ஸ் இருக்கிறது, எந்தக் கெர்னல், 32 பிட்டா 64 பிட்டா என்பதெல்லாம் பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம்.

இதன் பெரிய வசதி வேகமோ நம்பகமோகூட இல்லை, முகப்பில் இருக்கும் விளக்குகள். ‘ஓஎச்’ எரிந்தால் லைனை எடுத்துவிட்டது. ‘சிடி’ எரிந்தால் அந்தப் பக்கத்து மோடத்தோடு கைகுலுக்கிவிட்டது. ‘எஸ்டி’, ‘ஆர்டி’ இரண்டும் மினுக்கினால் தகவல் போய் வருகிறது. ‘டிஆர்’ எரியவில்லை என்றால் கணினி போர்ட்டையே திறக்கவில்லை. கோளாறு உங்கள் அமைப்பில், லைனில் இல்லை. லைன் எடுத்தது, சிடி எரிந்தது, ஆனால் இணைப்பு வரவில்லை என்றால் பாஸ்வேர்டையோ பிபிபி (தொலைபேசி இணைப்பில் இணையத் தகவலைக் கொண்டுபோகும் முறை) அமைப்பையோ பாருங்கள். உள் மோடத்தில் இவ்வளவையும் பதிவுக் கோப்பைப் படித்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அதோடு ஒலிபெருக்கி. டயல் டோன், எண்களின் பீப், எதிர்முனையின் நீண்ட கூவல், இரண்டும் சேர்ந்து போடும் இரைச்சல் என்று வரிசையாகக் கேட்கும். எங்கே நின்றது என்பதைக் காதே சொல்லிவிடும். டயல் டோனோடு நின்றால் மோடத்துக்கு அது டயல் டோன் என்றே புரியவில்லை. கூவல் வந்த பிறகு இரைச்சல் திரும்பத் திரும்ப ஆரம்பித்தால் லைன் மோசம். பழகிவிட்டதும் ‘எம்0’ கொடுத்து வாயை மூடிவிடலாம்.

பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. அடாப்டர் இல்லாமல் விற்பார்கள். எந்த அடாப்டராவது பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்போர்ட்ஸ்டர் போன்ற சில பெட்டிகளுக்கு வேண்டியது 9 வோல்ட் ஏசி, வழக்கமான டிசி அல்ல. பெட்டியின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கேபிள் விஷயமும் அப்படித்தான். பெரும்பாலான மோடங்களின் பின்பக்கம் 25 ஊசி, கணினியில் 9 ஊசி. வேண்டியது நேர் கேபிள். இரண்டு கணினிகளை இணைக்கும் ‘நல் மோடம்’ (null modem) கேபிள் பார்க்க அதே மாதிரி இருக்கும், கடையில் அதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், அதில் மோடம் ஓடாது.

இப்போதைய கணினிகளில் சீரியல் போர்ட் இல்லையே என்றால், யுஎஸ்பி சீரியல் மாற்றி ஒன்று போட்டுக்கொள்ளலாம். எஃப்டிடிஐ, புரொலிஃபிக், சிஎச்340 என எந்தச் சிப்பானாலும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் போர்ட் வந்துவிடும். ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: எல்லா ஊசிகளுக்கும் கம்பி போகும் மாற்றியாக இருக்க வேண்டும். சில மலிவு மாற்றிகளில் அனுப்பும் கம்பி, வாங்கும் கம்பி, தரை மூன்று மட்டுமே இருக்கும். மோடமும் கணினியும் “கொஞ்சம் பொறு” என்று ஒன்றுக்கொன்று சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் இல்லாவிட்டால் டயல் ஆகும், இணைப்பும் கிடைக்கும், பெரிய கோப்பு இறங்கும்போது எங்கோ நடுவில் தகவல் சிதறி நின்றுபோகும். இது கண்டுபிடிக்கவே கஷ்டமான கோளாறு, லைனைத்தான் எல்லாரும் திட்டுவார்கள்.

இடி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழையில் தொலைபேசிக் கம்பி வழியாக வரும் மின்னல் அதிர்ச்சி முதலில் அடிப்பது மோடத்தைத்தான். வெளிப்பெட்டி என்றால் பெரும்பாலும் பெட்டியோடு போகும். உள் கார்டு என்றால் சில சமயம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். எந்த மோடமாக இருந்தாலும் மேகம் கருத்ததும் தொலைபேசிப் பின்னைக் கழற்றிவிடுவது நல்லது.

யுஎஸ்பி மோடம்

புதிதாக வாங்குவதானால் நடைமுறைக்கு உகந்தது இதுதான். இதிலும் இரண்டு ரகம் இருக்கிறது. உள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டு, சிடிசி ஏசிஎம் என்ற பொதுத் தரத்தில் பேசுபவை ஒரு ரகம். யுஎஸ் ரோபாட்டிக்ஸ் 5637 இதற்கு நல்ல உதாரணம்; செருகினால் டிடிஒய்ஏசிஎம்0 வந்துவிடும், வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. கோனெக்சன்ட் சிஎக்ஸ்93010 சிப் வைத்து வெவ்வேறு பெயர்களில் விற்கும் சின்ன மோடங்களும் இப்படியே ஓடும்.

இன்னொரு ரகம், பழைய வின்மோடமே யுஎஸ்பி சட்டை போட்டுக்கொண்டு வருவது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விற்பவரிடம் “லினக்ஸில் ஓடுமா?” என்று கேட்டால் “எல்லாத்துலயும் ஓடும் சார்” என்றுதான் பதில் வரும். அதைவிட அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘ஹார்ட்வேர் மோடம்’ அல்லது ‘கன்ட்ரோலர் உள்ளது’ என்று இருந்தால் நல்லது. குறைந்தபட்சத் தேவை என்று பென்டியம் வேகத்தையும் ரேம் அளவையும் போட்டு, விண்டோஸ் பதிப்புகளை மட்டும் வரிசையாக அடுக்கியிருந்தால், கணக்கு உங்கள் தலையில்தான் விழப்போகிறது. செருகிய பின் டிமெசெக் (dmesg) கட்டளையில் ஏசிஎம் கருவி என்ற வரி வரவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிப்புற சீரியலோடு ஒப்பிட்டால் யுஎஸ்பி மோடத்துக்கு அடாப்டர் வேண்டாம், கேபிள் தேட வேண்டாம், பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் விளக்கு வரிசை இருக்காது, ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். கோளாறு வந்தால் தடவிக்கொண்டுதான் தேட வேண்டும். இன்னொரு தொல்லை மோடம்மேனேஜர். மொபைல் டாங்கிள்களைத் தேடுவதற்காகப் பல லினக்ஸ்களில் பின்னணியில் ஓடும் இந்தச் சேவை, யுஎஸ்பி மோடத்தைப் பார்த்ததும் தானே போய்க் கட்டளைகள் கொடுத்து விசாரிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் போர்ட்டைத் திறந்தால் ‘பிசி’ (busy) என்று வரும், அல்லது சம்பந்தமில்லாத எழுத்துகள் கொட்டும். மொபைல் டாங்கிள் எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம்.

ஆக, தொலைதூர ரூட்டருக்காக வருடக்கணக்கில் ஒரு மூலையில் கிடக்கப்போகிற மோடம் என்றால் சீரியல் பெட்டி. ஃபேக்ஸ் அனுப்பவோ எப்போதாவது டயல் செய்யவோ என்றால் யுஎஸ்பி. ஃபேக்ஸுக்கு வாங்குபவர்கள் ‘கிளாஸ் 1’ ஃபேக்ஸ் ஆதரவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் ஹைலாஃபேக்ஸ் மாதிரி மென்பொருள்களுக்குப் போதும்.

மோடமே இல்லாத மோடமும் ஒன்று உண்டு. டி-மோடம் என்ற திட்டம், மேலே சொன்ன அதே எஸ்எல்மோடம்டியை எடுத்து, ஒலி அட்டைக்குப் பதிலாக எஸ்ஐபி இணையத் தொலைபேசிக் கணக்கோடு கோத்துவிட்டது. கம்பியும் வேண்டாம், கார்டும் வேண்டாம், மென்பொருள் நேராக அழைக்கும். லினக்ஸ்காரர்களைப் படாதபாடு படுத்திய அந்த மூடிய பைனரி கடைசியில் இப்படி ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. சோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் நல்லது. தினசரி வேலைக்கு நம்பாதீர்கள், நெட்வொர்க்கில் சிறு தடங்கல் வந்தாலும் இணைப்பு விழும்.

லைன் என்ன சொல்கிறது?

எந்த மோடம் வாங்கினாலும் நம் ஊர் லைனில் முதலில் வரும் பதில் பெரும்பாலும் ‘நோ டயல்டோன்’. ரிசீவரை எடுத்தால் டோன் கணீரென்று கேட்கும், மோடம் மட்டும் இல்லை என்று சாதிக்கும். காரணம் எளிது. அமெரிக்காவின் டயல் டோன் வேறு, நம்முடையது வேறு. அமெரிக்க அமைப்போடு வந்த மோடத்துக்கு நம் டோன் புரிவதில்லை. ‘ஏடிஎக்ஸ்3’ என்று கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்துவிடும். நாட்டுக் குறியீட்டை மாற்ற அனுமதிக்கும் மோடங்களில் ‘ஏடி+ஜிசிஐ=53’ கொடுத்தால் இந்தியாவுக்கு மாறிக்கொள்ளும்; அது இன்னும் முறையான வழி. யார் அழைக்கிறார்கள் என்ற எண்ணை மோடம் வழியாகப் பிடிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே பல எக்ஸ்சேஞ்சுகள் எண்ணை முதல் மணிக்கு முன்பே டிடிஎம்எஃப் ஒலியாக (பொத்தானை அழுத்தும்போது கேட்கும் பீப்) அனுப்பும், அமெரிக்க மோடம் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவே வேறு வகை ஒலியை எதிர்பார்க்கும். அந்த வேலைக்காகவே மோடம் வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை 56 என்ற எண்ணை மறந்துவிடலாம். எதிர்முனை எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாக இணைந்திருந்தால்தான் அந்த வேகத்துக்கு வழி. இரண்டு வீட்டிலும் சாதாரண மோடம் வைத்து ஒன்றையொன்று அழைத்தால் 33.6 கிலோபிட்தான் உச்சம். ஆகவே அந்தக் காரியத்துக்கு வி.92 மோடம் தேடி அதிகம் கொடுக்க வேண்டாம், 33.6 வரை போகும் பழைய வி.34 பெட்டியே போதும்.

செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்ட வீடுகளில் நிலைமை வேறு. ஃபைபர் பெட்டியின் பின்னால் தொலைபேசித் துவாரம் இருக்கும், மோடத்தை அதில் செருகலாம், டயலும் ஆகும். ஆனால் குரல் பாக்கெட்டுகளாகத் துண்டாகிப் போவதால் வேகமான மோடம் பேச்சுக்கு அது தாங்காது. பேசும்போது ஒரு பாக்கெட் தவறினால் காதுக்குத் தெரியாது. மோடத்துக்கு அது பள்ளம். இந்த மாதிரி லைனில் ‘ஏடி+எம்எஸ்’ கட்டளையால் வேகத்தை 14.4க்கோ அதற்கும் கீழேயோ கட்டிவைத்தால் நிற்க வாய்ப்பு உண்டு. ரூட்டர் கன்சோலுக்கு அதுவே தாராளம்.

டயல் செய்யும் மென்பொருள்

இங்கே தேர்வு முன்போல விரிவாக இல்லை. கேடிஇயின் கேபிபிபி ஒரு காலத்தில் அருமையான கருவி. எண், பெயர், பாஸ்வேர்டு கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். கேடிஇயின் புதிய தலைமுறைக்கு அது வரவில்லை. டபிள்யூவிடயல் இன்னும் பலருக்குப் பிடித்தது. மோடத்தைத் தானே கண்டுபிடித்து அமைப்புக் கோப்பு எழுதிக் கொடுக்கும், எதிர்முனை என்ன கேட்கிறது என்று ஊகித்துப் பதில் சொல்லும். சில சமயம் அதிகமாக ஊகித்துவிடும். அப்போது அமைப்புக் கோப்பில் ‘ஸ்டுபிட் மோட்’ என்ற வரியைப் போட்டால், இணைந்ததும் யோசிக்காமல் பிபிபியைத் தொடங்கிவிடும். கிடைத்தால் முதல் முயற்சிக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் வளர்ச்சி நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. புதிய விநியோகங்களில் தேட வேண்டியிருக்கலாம்.

நீண்ட நாள் ஓட வேண்டிய இடத்தில் பிபிபிடி (பிபிபி இணைப்பை நடத்தும் நிரல்), சாட் (மோடத்தோடு பேசி டயல் செய்யும் நிரல்) இரண்டையும் நேரடியாக வைத்துக்கொள்வதே மேல். எல்லாக் கருவிகளும் கடைசியில் பிபிபிடியைத்தான் கூப்பிடுகின்றன, நடுவில் ஆள் எதற்கு? சாட் கோப்பு பயமுறுத்தும், ஆனால் சமாச்சாரம் சின்னது: இது வந்தால் இதைச் சொல், அது வந்தால் அதைச் சொல். ஓகே வந்தால் எண்ணை டயல் செய், கனெக்ட் வந்தால் ஒதுங்கிக்கொள். அதன் பின் பாஸ்வேர்டு சரிபார்ப்பது, ஐபி எண் வாங்குவது எல்லாம் பிபிபிடியின் பொறுப்பு. டெபியனில் ‘பான்’ (pon), ‘பாஃப்’ (poff) என்ற இரண்டு கட்டளைகளில் முடிந்துவிடும்.

இதில் எல்லாருக்கும் இடறும் இடங்கள் மூன்று. உங்கள் பயனர் பெயர் ‘டயல்அவுட்’ குழுவில் இல்லாவிட்டால் போர்ட் திறக்காது. ‘நோஆத்’ (noauth) என்ற சொல்லைப் போடாவிட்டால் பிபிபிடி எதிர்முனையையே பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்து இணைப்பை அறுத்துவிடலாம். மூன்றாவது, ஏற்கெனவே வைஃபையோ ஈதர்நெட்டோ ஓடிக்கொண்டிருந்தால் பிபிபிடி அந்த டிஃபால்ட் ரூட்டை மாற்றாது. இணைப்பு வந்துவிட்டது, ஐபியும் கிடைத்துவிட்டது, போக்குவரத்து மட்டும் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கும், மோடம் வழியாக ஒரு பைட்கூடப் போகாது, நீங்கள் “டயல்-அப் இவ்வளவு வேகமா!” என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். சோதிக்கும்போது மற்ற இணைப்புகளை எல்லாம் அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால், சீரியல் போர்ட்டோடு நேராகப் பேசவைக்கும் மினிகாம் நிரலைத் திறந்து, போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, ‘ஏடி’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே என்று வந்தால் மோடமும் கேபிளும் போர்ட்டும் சரி. இனி பிரச்சினை வந்தால் மென்பொருளில் தேடினால் போதும். அடித்த எழுத்தே திரையில் தெரியவில்லை, ஓகேயும் வரவில்லை என்றால் பிபிபி பக்கமே போகாதீர்கள். கேபிளையும் அடாப்டரையும் போர்ட்டின் பெயரையும் பாருங்கள்.